பழைய பள்ளி எங்குட்டு இருக்கு?

போன மாதம் ஒரு செவ்வாய்க்கிழமை, ஏறக்குறைய முக்கால் மணி நேரம் நான் கல்வி அதிகாரியாக இருந்தேன்.

யாரும் நியமிக்கவில்லை. சம்பளமும் கிடையாது. ஆனால் இளநீர் கிடைத்தது.

தெரியாமல் நடந்த பிழை என்று சொல்லித் தப்பித்துக்கொள்ளலாம். பாதி நேரம் அப்படித்தான். மீதிப் பாதி... விஷயம் புரிந்த பிறகும் நாற்காலியை விட்டு எழுந்திருக்க மனம் வரவில்லை. அந்தப் பாதியைத்தான் இன்னும் யாரிடமும் சொல்லவில்லை. உங்களிடம் சொல்கிறேன்.

வாரா வாரம் இந்தப் பத்தியைப் படிக்கிற உங்களுக்கு என்னுடைய புத்தர் வியாதி பழகிப்போன ஒன்று. நாலு வருடமாக, மாதம் ஒரு நாள், காரைக்குடியில் கிடைக்கிற டவுன் பஸ்ஸில் ஏறி, போர்டில் பெயர்கூட எழுதாத ஊர்களில் இறங்கி, பழைய புத்தரைத் தேடுகிறேன். புத்தகத்தில் ஏறிவிட்ட புத்தர்களை அல்ல. அவர்களைப் பார்க்க ஆள் இருக்கிறது. கண்மாய்க் கரையிலும் கருவேலங்காட்டிலும் இடுப்பு வரை புதைந்து, 'மொட்டைச் சாமி' என்ற பெயரில் திருநீறு பூசிக்கொண்டு உட்கார்ந்திருப்பவர்கள்தான் நம் ஆட்கள்.

ஏன் பஸ்ஸில்? எனக்குக் கார் ஓட்டத் தெரியும் என்பது என் கருத்து. என் மனைவியின் கருத்து வேறு. கார் சாவி அவர் கருத்தின் பக்கம் இருக்கிறது.

இதுவரை கண்டுபிடித்தது என்ன என்று கேட்பீர்கள். எட்டுப் பிள்ளையார்கள் — அவர்களை யாரும் தொலைக்கவே இல்லை. மூன்று சமணத் தீர்த்தங்கரர்கள். ஒரு செக்கு. ஆமாம், எண்ணெய் ஆட்டுகிற கல் செக்குதான். வயல் ஓரம் கவிழ்ந்து கிடந்ததை மூன்று முறை வலம் வந்து, படம் எடுத்து, 'பௌத்தத் தூபியின் அடிப்பாகம்' என்று வாட்ஸப் குழுவில் போட்டேன். ஐந்தே நிமிடத்தில் ஒருவர் பதில் போட்டார். "எங்க வீட்டுக் கொல்லையிலயும் ஒரு தூபி கிடக்கு. வந்து எடுத்துக்கிட்டுப் போறீகளா?"

இந்த லட்சணத்தில்தான், சர்வே ஆபீசில் இருந்து ரிட்டயர் ஆன நண்பர் ஒரு துப்புக் கொடுத்தார். கல்லலுக்கு அங்குட்டு ஒரு சின்ன ஊர். பழைய நிலப் பதிவில் ஓர் இடத்துக்குப் 'பள்ளித்திடல்' என்று பெயர். அங்கே ஒரு கல் சிலை உட்கார்ந்திருப்பதாகவும் கேள்வி.

உடனே நோட்டையும் பையையும் எடுத்துவிட்டேன். பள்ளி என்றால் என்ன? இன்றைக்குப் பிள்ளைகள் படிக்கிற இடம். பழைய கல்வெட்டுகளிலோ பள்ளி என்றால் சமணத் துறவிகளோ பௌத்தத் துறவிகளோ தங்கியிருந்த இடம். சும்மா தங்காமல் ஊர்ப் பிள்ளைகளுக்கு எழுத்தும் சொல்லிக் கொடுத்தார்களாம். துறவிகள் போய்விட்டார்கள். பெயர் மட்டும் பின்தங்கி, கூடத்தோடு ஒட்டிக்கொண்டு, பள்ளிக்கூடம் ஆகிவிட்டது.

இதெல்லாம் எனக்குத் தெரியும். எனக்குத் தெரிந்தது ஊருக்கும் தெரிந்திருக்கும் என்று நினைத்தேன். படித்தவன் செய்கிற முதல் தப்பு அதுதான்.

கல்லல் வரை ஒரு பஸ். அங்கிருந்து மினி பஸ். பள்ளித்திடல் என்றதும் கண்டக்டர் சற்று யோசித்துவிட்டு, ஸ்கூல் ஸ்டாப்புக்கு டிக்கெட் கொடுத்தார். திரும்பிப் போக எப்போது வண்டி என்று கேட்டேன். மூன்றரைக்கு என்றார். அப்போது மணி பதினொன்று.

ஸ்டாப்பில் ஒரு புளியமரம். அடியில், நூறு நாள் வேலைக்கு வந்த பெண்கள் நாலைந்து பேர் உட்கார்ந்து பேசிக்கொண்டிருந்தார்கள். நான் எப்படி இருந்தேன் என்று சொல்லிவிடுகிறேன். முழுக்கைச் சட்டை, பேன்ட்டுக்குள். தோளில் தோல் பை. கையில் நோட்டு. மூக்கு நுனியில் கண்ணாடி. இந்தக் கோலத்தோடு, ஆய்வாளர்களுக்கே உரிய கனமான குரலில் கேட்டேன்.

"பழைய பள்ளி எங்குட்டு இருக்கு?"

பேச்சு நின்றுவிட்டது. ஒரு அம்மா, சிவகங்கையில் இருந்தா வாரீக என்று கேட்டார். ஊர் காரைக்குடி, நேற்றுதான் சிவகங்கை போய்விட்டு வந்தேன் என்றேன். உண்மைதான். மைத்துனர் வீட்டில் காதுகுத்து.

இன்னொருவர் முகத்தைத் திருப்பிக்கொண்டு செல்போனில் தணிந்த குரலில் சொன்னார்: "டீச்சர், வந்துட்டாக."

மூன்றாவது பெண் எழுந்து, சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு, வீடுகள் இருந்த பக்கமாக ஓட்டமாக ஓடினார். எதற்கு ஓடுகிறார் என்று எனக்கு அப்போது புரியவில்லை. புத்தருக்கு இப்படியும் ஓர் ஊரா என்று நெகிழ்ந்துகொண்டே நடந்தேன்.

அவர்கள் காட்டிய வழி ஓர் ஓட்டுக் கட்டடத்தில் முடிந்தது. அரசு தொடக்கப் பள்ளி. வாசலிலேயே தலைமை ஆசிரியை நின்றுகொண்டிருந்தார். நாற்பத்தைந்து வயது இருக்கும், கை முழுக்கச் சாக்பீஸ் தூள். துண்டு விரித்த நாற்காலி. உட்கார்ந்த உடனே சீவிய இளநீர். சரி, முதலில் ஆசிரியையிடம் விசாரித்துக்கொண்டு சிலையைப் பார்க்கப் போவோம் என்று பேச்சைத் தொடங்கினேன்.

பள்ளி எத்தனை காலமாக இங்கே இருக்கிறது என்று கேட்டேன். அவர் வருடத்தைச் சொன்னார். அதற்கும் முன்னால் இருந்த பள்ளியைக் கேட்கிறேன் என்றேன். அது கூரைக் கொட்டகையில் நடந்தது என்றார். நான் கொஞ்சம் அழுத்தி, எல்லாம் இடிந்து கிடப்பதாகக் கேள்விப்பட்டேனே என்றேன்.

டீச்சரின் முகம் வெளுத்துவிட்டது. "இடியல சார். யாரோ தப்பாச் சொல்லிருக்காக. ரெண்டு ஓடுதான் உடைஞ்சிருந்துச்சு. போன வாரமே மாத்தியாச்சு."

நான் அண்ணாந்து ஓட்டைப் பார்த்தேன். அவரும் பார்த்தார். பிறகு வருகைப் பதிவேட்டைக் கொண்டுவந்து என் மடியில் விரித்து வைத்தார்.

அப்போதுதான் உறைத்தது. பதிவேட்டில் பாதிப் பக்கம் காலி; பிள்ளைகள் குறைந்துபோன பள்ளி. மூடிவிட்டுப் பக்கத்து ஊரோடு சேர்த்துவிடலாமா என்று பார்க்க, சிவகங்கையில் இருந்து ஓர் அதிகாரி வருவதாக இருந்திருக்கிறது. அவருக்குப் பதிலாக, பழைய பள்ளி எங்கே என்று விசாரித்துக்கொண்டு நான் வந்து இறங்கியிருக்கிறேன்.

உடனே சொல்லியிருக்க வேண்டுமா இல்லையா?

இளநீரைக் குடித்து முடித்தேன்.

என்ன செய்ய? வாரா வாரம் எழுதுகிறேன்; ஒருவர்கூட எனக்காக எழுந்து நின்றது இல்லை. இங்கே ஒரு வகுப்பே எழுந்து நின்று "வணக்கம் ஐயா" என்று இழுத்தது. உட்காருங்கள் என்றேன். உட்கார்ந்தார்கள். என் வீட்டில் நான் சொல்லி ஒரு பூனை உட்கார்ந்தது கிடையாது. ஒரு சிறுமியை ஏழாம் வாய்ப்பாடு சொல்லச் சொன்னேன் — ஆமாம், அந்த அளவுக்குப் போய்விட்டேன். அவள் மூச்சுவிடாமல் ஒப்பித்தாள். சரிதானா என்று தெரியாமல் கம்பீரமாகத் தலையாட்டினேன்.

மொத்தம் பதின்மூன்று தலைகள். ஒன்று விரல் சூப்பிக்கொண்டிருந்தது. மூன்று வயதுக்கு மேல் இருக்காது. இன்னொன்று கடைசிப் பெஞ்சில் முழங்கால் தாடையில் இடிக்க மடங்கி உட்கார்ந்திருந்தது. சீருடையே வேறு நிறம். குறைந்தது ஒன்பதாம் வகுப்பு. புளியமரத்தடியில் இருந்து ஓடிய பெண் எதற்கு ஓடினார் என்று இப்போது தெரிந்தது. ஜன்னலுக்கு வெளியே அவர் இன்னும் மூச்சு வாங்கிக்கொண்டு நின்றார்.

டீச்சர் என் பக்கத்தில் வந்து குனிந்தார்.

"சார், இதுல நாலு எங்க பள்ளிப் பிள்ளைக இல்ல. ஊர்க்காரக கூட்டியாந்து உக்கார வச்சுட்டாக. அவுகளக் குத்தம் சொல்லாதீக. மூடிட்டா சின்னப் பிள்ளைக ரோட்டைத் தாண்டி மூணு கிலோமீட்டர் நடக்கணும், அந்தப் பயந்தான். ஆனா எனக்குப் பொய்க் கணக்குச் சொல்ல வராது சார். ஒன்பதுதான். ஒன்பதும் நல்லா வாசிக்கும். வாசிக்கச் சொல்லிப் பாருங்க."

மேசையில் இருந்த பாடப் புத்தகத்தை எடுத்து என்னிடம் நீட்டினார்.

தன் வேலையே ஆடிக்கொண்டிருக்கும்போது ஓர் அம்மா உண்மையைச் சொல்கிறார். ஆடுவதற்கு எந்த வேலையும் இல்லாத நான் ஓசி நாற்காலியில் பொய்யாக உட்கார்ந்திருக்கிறேன். எழுந்துவிட்டேன். நான் அதிகாரி இல்லை, பத்திரிகையில் தமாஷாக எழுதுகிறவன், புத்தரைப் பார்க்க வந்தேன் என்று சொன்னேன்.

பிள்ளைகள் டீச்சரைப் பார்த்தார்கள். பிறகு ஜன்னலுக்கு வெளியே இருந்து ஒரு குரல்.

"ஆபீசரு இல்லையாம்டி. எளநியை மட்டும் ஆபீசரு மாதிரியே குடிச்சாரு."

டீச்சர் அந்த நாற்காலியில் பொத்தென்று உட்கார்ந்து முந்தானையால் முகத்தைத் துடைத்தார். அழுகிறாரோ என்று பயந்தேன். சிரித்துக்கொண்டிருந்தார். திட்டியிருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும்.

"புத்தரா? எங்க வாத்தியார் சாமியக் கேக்குறீகளா?"

கட்டடத்துக்குப் பின்னால், வேப்பமரத்தடியில் இருந்தார். பிள்ளைகள் என்னை இழுத்துக்கொண்டு போனார்கள். செக்கு இல்லை — முதலில் அதை உறுதிசெய்துகொண்டேன். சம்மணம் போட்டு, மடியில் கைமேல் கை வைத்து, இரண்டடி உயரத்தில் ஒருவர். மூக்கு போய்விட்டது. காதுகள் தோளைத் தொட்டன. தீர்த்தங்கரராக இருந்தால் உடம்பில் துணி இருக்காது. இவருக்கோ இடது தோளில் இருந்து மார்பின் குறுக்கே ஆடையின் விளிம்பு மெல்லிய கோடாகத் தெரிந்தது. விரலால் தடவினேன். கோடு விரலுக்குத் தட்டுப்பட்டது.

நாலு வருடம். எத்தனை பஸ். எவ்வளவு புழுதி. வந்து சேர்ந்துவிட்டேன்.

அவர் மடி நிறையச் சிலேட்டுக் குச்சித் துண்டுகள், பென்சில் முனைகள். ஒன்றாம் வகுப்பில் சேருகிற பிள்ளை முதல் நாள் ஒரு குச்சியை அவர் மடியில் வைத்துவிட்டுத்தான் உள்ளே போகுமாம். யார் தொடங்கியது? யாருக்கும் தெரியவில்லை. ஏன் வாத்தியார் சாமி? இதென்ன கேள்வி என்கிற மாதிரி பார்த்தார்கள். பள்ளிக்கூடத்தில் உட்கார்ந்திருப்பவர் வாத்தியார் இல்லாமல் யார்?

பள்ளி என்ற சொல்லுக்கு நான் தந்த விளக்கத்தை டீச்சர் கவனமாகக் கேட்டார். பிறகு, இந்த இடத்தில் அந்தக் காலத்தில் இருந்தே பாடம் நடக்கிறது என்று பத்திரிகையில் எழுதினால் பள்ளிக்கூடத்தை விட்டுவைப்பார்களா என்று கேட்டார். எவ்வளவு ஆசையோடு கேட்டார் என்று எனக்கு எழுதத் தெரியவில்லை.

ஆமாம் என்று சொல்லியிருக்கலாம். ஆனால் அன்றைக்கு ஏற்கெனவே என் பொய்க் கோட்டா முடிந்திருந்தது. எழுதினால் பள்ளி நிற்குமா என்பது எனக்குத் தெரியாது. சிலையை மியூசியத்துக்கு எடுத்துக்கொண்டு போக வேன் மட்டும் வந்தாலும் வரும் என்றேன்.

டீச்சர் சாமியைப் பார்த்தார். பிள்ளைகளைப் பார்த்தார்.

"அப்ப ஊர்ப் பேரை எழுதாதீக சார். அவரையும் சேத்தாத்தான் நாங்க பத்துப் பேரு."

எழுதவில்லை; கல்லல் என்று மேலே சொன்னதுகூட வழி தப்பவைக்கத்தான். எடுத்த முப்பது படங்களும் போனில்தான் இருக்கின்றன. செக்கைப் போட்ட குழுவில் இதைப் போட முடியாத வேதனையைப் பொறுத்துக்கொண்டு, மூன்றரை வரை பிள்ளைகள் வரிசையாக வாசித்ததைக் கேட்டுக்கொண்டு இருந்தேன். ஒன்பதும் நல்லாவே வாசித்தன.

முந்தாநாள் டீச்சர் போன் செய்தார். நிஜ அதிகாரி வந்து பார்த்துவிட்டு, இந்த வருடம் இருக்கட்டும் என்று சொல்லிவிட்டுப் போனாராம். எனக்குக் கண் கலங்கிவிட்டது. கூடவே கொஞ்சம் கர்வமும். நான் வந்துபோனது உங்களுக்கு ஒத்திகை மாதிரி ஆகிவிட்டது, இல்லையா என்று கேட்டேன்.

டீச்சர் தயங்கினார்.

"அப்புடி இல்ல சார். புள்ளைக எந்திரிச்சு வணக்கமே சொல்லல. இவரும் சாமி பாக்கத்தான் வந்திருக்காருன்னு கையப் புடிச்சுப் பின்னாடி இழுத்துக்கிட்டுப் போயிருச்சுக. அவரு செருப்பக் கழட்டிட்டுக் கும்புட்டாரு. அதப் பாத்ததுல இருந்து என்னைய ஒரே கேள்வி சார்... 'டீச்சர், இவருதான நெசமாவே சாமி பாக்க வந்தவரு? செருப்போட நின்னாரே, அவருதான ஆபீசரு?'ன்னு."