பின்சக்கரம் பார்க்கும் கண்ணாடி

நான் பாலிடெக்னிக்கில் மெக்கானிக்கல் சேர்ந்த தொண்ணூறுகளின் பின்பாதியில், திருவண்ணாமலையில் சைக்கிளைக் கடையிலிருந்து வந்தபடியே வைத்திருந்தவர்கள் இரண்டு வகையினர்தான். ஒன்று பெண்கள், இன்னொன்று அரசாங்க வேலையில் இருந்த ஆண்கள். மற்ற எல்லோரும் எதையாவது சேர்த்தார்கள், இல்லையென்றால் கழற்றினார்கள். கழற்றியவர்கள் பெரும்பாலும் மாணவர்கள். மட்கார்டு, செயின் கவர், கேரியர், துணிந்தவர்கள் பிரேக்கைக்கூட. மழைக்காலத்தில் முதுகு நெடுகச் சேற்றுக் கோட்டோடு வகுப்பில் உட்கார்ந்திருப்பார்கள். பின்சக்கரத்தில் உரசும்படி பலூன் கட்டி, மோட்டார் சைக்கிள் சத்தத்தோடு போனவர்களும் உண்டு. பலூன் வெடித்ததும் அவசரமாக வேறு பக்கம் பார்ப்பார்கள்.

சேர்த்தவர்கள் சம்பாதிக்கிறவர்கள். ஆயுதபூஜைக்குச் சைக்கிளைக் கழுவிச் சந்தனம் வைத்து ஜிகினாத்தாள் சுற்றுவது எல்லா வீட்டிலும் நடக்கும். மறுநாள் மற்றவர்கள் அதைப் பிய்த்துப் போடுவார்கள். இவர்கள் அப்படியே விட்டுவிட்டு அடுத்த வருடம் அதன்மேல் இன்னொன்றைச் சேர்ப்பார்கள்.

தினமும் காலையில் எனக்கு முன்னால் போன சைக்கிள் அந்த வகையில் மிக முற்றியது. முன்னாலிருந்து பின்னாலாகச் சொல்கிறேன். இரண்டு விளக்கு, அதில் எரிவது ஒன்று. ஹேண்டில் பிடியின் இரு முனையிலும் சிவப்பு, நீல பிளாஸ்டிக் குஞ்சம். மொபெட்டில் வைக்கும் வட்டக் கண்ணாடி இரண்டு. பார் முழுக்க ரெக்சின் உறை. சீட்டுக்கு மெரூன் வெல்வெட், சுற்றிலும் தங்கநிற ஜாலர். பின் மட்ஃபிளாப்பில் நூலால் தைத்த மயில். கடைசியாகப் பின்சக்கரம். அதன் கம்பிகளில் ஒன்றுவிடாமல் பிளாஸ்டிக் மணி கோத்திருந்தது.

ஓட்டியவருக்கு இருபத்திரண்டு, இருபத்து மூன்று வயது இருக்கும். டவுனில் ஒரு தையல் கடையில் கட்டிங் மாஸ்டர் என்பது அப்போது எனக்குத் தெரியாது. தெரிந்ததெல்லாம் ஒரு முதுகு. வேங்கிக்காலில் எங்கள் தெரு முனையிலிருந்து நான் மெயின் ரோட்டுக்கு வரும் நேரத்தில் அந்த முதுகு கலெக்டர் ஆபீஸைத் தாண்டிக்கொண்டிருக்கும். டவுன் வரை இருவருக்கும் ஒரே சாலை. அங்கே அவர் கடைத்தெருப் பக்கம் திரும்புவார், நான் நேராகப் போவேன்.

அவர் ஓட்டும் விதம் எனக்குப் புரியவில்லை. திடீரென்று வேகமாக மிதிப்பார். அப்புறம் மிதிப்பதை நிறுத்திவிட்டுச் சும்மா உருளவிடுவார். நான் அருகில் வந்ததும் மறுபடி வேகம். லாரி இல்லாத இடத்தில் இரண்டு கையையும் விட்டுவிட்டு நிமிர்ந்து உட்கார்ந்து போவார். ஆனால் தலை மட்டும் கொஞ்சம் வலப்பக்கம், கண்ணாடியை நோக்கிச் சாய்ந்தே இருக்கும். இதை ஒரு வருடமாகப் பார்த்தேன். பெரிதாக எதுவும் நினைக்கவில்லை. முந்திப் போகலாம்தான். முந்தினால் அவர் முகத்தைக் கடக்க வேண்டும், அதைவிட முதுகு பரவாயில்லை என்று பின்னாலேயே போனேன்.

அப்பாவோடு ஆபீஸில் வேலை பார்க்கும் ஒருவர் தினமும் அந்த நேரத்தில் பஸ் ஸ்டாப்பில் நிற்பவர். அவர் அப்பாவிடம் சொன்னதை, அப்பா அம்மாவிடம் சொல்ல, அன்று சாயங்காலம் நான் வந்து சைக்கிளை ஸ்டாண்டு போடுவதற்குள் விசாரணை தொடங்கிவிட்டது.

"யாருடி அவன்?" என்றாள் அம்மா.

"எவன்?"

"டெய்லி உனக்கு முன்னாடி போறானாமே, பொம்மைக் கடையாட்டம் சைக்கிள வச்சினு."

"ரோட்டுல ஆயிரம் பேர் போறாங்கம்மா."

"ஆயிரம் பேரும் நீ வர்றியானு கண்ணாடியில பாத்து பாத்து ஸ்லோ பண்றாங்களா?"

அப்பா நாற்காலியில் நெற்றியைத் தேய்த்துக்கொண்டிருந்தார். அவர் கவலை வேறு மாதிரியானது. "பின்னாடி வந்தான்னா நாலு வார்த்த கேக்கலாம். முன்னாடி போறவன என்னானு கேக்கறது? ஏன்டா என் பொண்ணுக்கு முன்னாடி போறன்னா?"

"அவன் போறது முன்னாடி. பாக்கறது பின்னாடி. அதுக்குத்தானே ரெண்டு கண்ணாடி" என்றாள் அம்மா.

முடிவையும் அம்மாவே சொன்னாள். அடுத்த வாரத்திலிருந்து சைக்கிள் கிடையாது, பஸ். பஸ்ஸில் போனால் முதல் பீரியட் போய்விடும். முதல் பீரியட் ஒர்க்‌ஷாப். ஒர்க்‌ஷாப்பில் வருகை குறைந்தால் பரீட்சை எழுத விடமாட்டார்கள். இதை வரிசையாக எடுத்துச் சொன்னேன். அம்மா கடைசி வரை கேட்டுவிட்டு, "எழுதலன்னா போவுது. கீழ்பென்னாத்தூர் சித்தி ஒரு எடம் சொல்லினே இருக்கா" என்று உள்ளே போய்விட்டாள். நான் பேசியதில் எது தவறு என்று யோசித்துக்கொண்டே நின்றேன். ஒவ்வொரு வரியும் சரியாகத்தான் இருந்தது. மொத்தமாகச் சேர்ந்தபோது கல்யாணத்தில் போய் நின்றுவிட்டது.

அந்த வாரம் மிச்சமிருந்த நாட்களில் எனக்குச் சைக்கிள் ஓட்டுவதே மறந்துபோனது போல் இருந்தது. அதுவரை என் முகத்தை ரோட்டில் எப்படி வைத்துக்கொண்டிருந்தேன் என்று நினைவில்லை. சிரிக்காமல் போனால் கோபமாகத் தெரியுமா, கோபமாகத் தெரிந்தால் கவனித்துவிட்டேன் என்று ஆகுமா? துப்பட்டா பறந்ததைப் பிடிப்பதா விடுவதா என்று குழம்பிச் சாலையோர முள்வேலியில் ஒருமுறை போய் இடித்தேன். அவர் மீது கோபம் வந்தது. காலையில் கிளம்பும்போது தலையை இரண்டாம் முறை வாரியதைக் கவனித்து என் மீதும் வந்தது. அவர் பார்க்கிறார் என்பதை நான் நம்புகிறேனா, நம்ப விரும்புகிறேனா, இரண்டுமே இல்லையா என்று வரிசைப்படுத்திப் பார்த்தேன். மூன்றில் எதற்கு எதிரேயும் டிக் போட முடியவில்லை.

சனிக்கிழமை திரும்பி வரும்போதுதான் ஒரு விஷயம் தட்டியது. கண்ணாடி ஒருவழிச் சாலை இல்லை. அதில் அவர் என்னைப் பார்க்க முடிந்தால், அதே கண்ணாடியில் நானும் அவர் கண்களைப் பார்க்க முடிய வேண்டும். வெளிச்சம் போன வழியிலேயே திரும்பி வரும். பத்தாம் வகுப்பில் படித்தது. ஒரு வருடமாக அந்த இரண்டு கண்ணாடியையும் பார்த்துக்கொண்டுதான் போயிருக்கிறேன். ஒரு நாளும் அதில் கண் தெரிந்ததில்லை. தெரிந்ததெல்லாம் சட்டைத் துணி. கோடு போட்டது, கட்டம் போட்டது, ஒரு பச்சை.

அன்று ராத்திரிச் சாப்பாட்டின்போது அப்பாவிடம் இதைச் சொன்னேன். காலித் தட்டு ஒன்றின் பின்பக்கத்தைக் கண்ணாடியாக்கி, தண்ணீர் டம்ளரை அவராகவும் உப்பு டப்பாவை நானாகவும் வைத்துக் காட்டினேன்.

"அப்ப அவன் எதத்தான் பாக்கறான்?" என்றார் அப்பா.

"அது தெரியாது."

"சட்டையையா?"

"தெரியலப்பா. சைக்கிளப் பாத்தா தெரியும்."

ஞாயிற்றுக்கிழமை அப்பா என்னையும் அழைத்துக்கொண்டு போனது எங்கள் வீட்டு வழக்கத்தில் இல்லாத காரியம். அம்மா வாசலில் நின்று, "சண்டைக்குப் போறவர் பொண்ணயும் கூட்டினு போறாரு" என்று தெருவுக்கே கேட்கும்படி சொன்னாள். கடையை ஆபீஸ் நண்பர் அடையாளம் சொல்லியிருந்தார். அந்தச் சைக்கிள் வெளியே நின்றதால் அடையாளம் தேவைப்படவில்லை.

கழுத்தில் டேப்போடு அவர் வெளியே வந்தார். அப்பா வழியெல்லாம் ஒத்திகை பார்த்த குரலில், "இந்த சைக்கிள் யாரோடது?" என்றார்.

அவர் முகம் மலர்ந்துவிட்டது. "நம்மளுதுதான் சார். சீட்ட தொட்டுப் பாருங்க. ரிசப்ஷன் கோட்டு தெச்சதுல மிஞ்சின வெல்வெட்டு. உள்ள ஸ்பாஞ்ச் குடுத்திருக்கேன். ஜாலர் கை தையல். மெஷின்ல போட்டா பிரிஞ்சிரும்."

அப்பா தொட்டுப் பார்த்தார். அதோடு சண்டை பாதி போய்விட்டது. உள்ளே மெஷினில் இருந்த வயதான தையல்காரர், "இன்னா மாஸ்டர், விலைக்குக் கேக்கறாங்களா? குடுத்துத் தொலைங்க. வண்டியத் தொடைக்கற நேரத்துல ரெண்டு பேன்ட் வெட்டலாம்" என்றார்.

"கண்ணாடி எதுக்கு?" என்றார் அப்பா, நினைவு வந்தவராக.

அவர் கொஞ்சம் கூச்சப்பட்டார். "வீல் பாக்கறதுக்கு சார்."

"என்னா?"

"பின் வீலு. மணி கோத்திருக்கேன்ல? மெதுவா போனா கீழ உழுந்து கலகலன்னு சத்தம் வரும். ஒரு ஸ்பீடு வந்தா எல்லாம் ரிம்முல போய் ஒட்டிக்கும். மஞ்ச தனி, செவப்பு தனி, ரெண்டு வளையல் மாதிரி நிக்கும். ஊரே பாக்குது. ஓட்டறவன் நான் பாக்க முடியல. அதான்."

நான் அப்பாவைப் பார்த்தேன். அப்பா என்னைப் பார்த்தார். மையவிலக்கு விசை என்று வாய் வரை வந்தது, சொல்லவில்லை. அந்த வேகம், அந்த நிறுத்தம், மறுபடி வேகம் எல்லாமே மணியை விழவைத்து ஏறவைக்கத்தான்.

"அவர ஏறி உக்காரச் சொல்லுங்கப்பா" என்றேன்.

அவர் ஸ்டாண்டு போட்ட சைக்கிளில், ஏன் என்று தெரியாமலே ஏறி உட்கார்ந்து, வழக்கமாகப் பார்ப்பதுபோல் வலது கண்ணாடியைப் பார்த்தார். அப்பாவைப் பின்னால் சாலையில் தள்ளி நிற்கச் சொன்னேன்.

"கண்ணாடியில என்ன தெரியுதுப்பா?"

"சட்ட. சட்டப் பாக்கெட்டு."

"கிட்ட வாங்க. குனிங்க. இன்னும்."

வெளுத்துத் தேய்த்த ஞாயிற்றுக்கிழமை வேட்டியோடு அப்பா பின்சக்கரத்தின் பக்கத்தில் குத்துக்காலிட்டு உட்கார்ந்தார். தலையைச் சக்கரத்தின் நடுவரை இறக்கி அண்ணாந்து பார்த்தார். கடைத்தெருவில் போனவர்கள் நின்றுவிட்டார்கள்.

"தோ, கண்ணு" என்றார் அப்பா. "ரெண்டு கண்ணும் தெரியுது. என்னியே பாக்கறான்."

இடது கண்ணாடியிலும் அதே கதை. கடைசியாக நானும் தினமும் வரும் தூரத்தில் நின்று பார்த்தேன். பாக்கெட்டில் செருகியிருந்த தையல் சாக்பீஸ் தெரிந்தது. கண் தெரியவில்லை.

அதற்குள் அவருக்கு விஷயம் பிடிபட்டிருந்தது. இறங்கி டேப்பை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார். "சார், இந்தப் பொண்ண நான் இப்பதான் சார் மொத தடவ பாக்கறேன். சத்தியமா."

"ஒரு வருஷமா பின்னாடி வருது" என்றார் அப்பா.

"பின்னாடி யாரு வராங்கன்னு எனக்கு எப்படி சார் தெரியும்?"

"அதுக்குத்தான்யா ஊர்ல கண்ணாடி வெக்கறாங்க" என்றார் உள்ளேயிருந்து தையல்காரர். "ரோட்ட பாக்காம வீல பாத்துனு போனா, என்னிக்காவது ஒரு லாரிக்காரன் வந்து உன்ன பாப்பான்."

அப்பா சிரித்துவிட்டார். ஒரு பேன்ட் தைக்க அளவும் கொடுத்துவிட்டு வந்தார்.

வீட்டில் அப்பா எல்லாவற்றையும் அம்மாவுக்கு விளக்கினார். டம்ளர், உப்பு டப்பா, தட்டு எல்லாம் மறுபடி வந்தன. அம்மா கேட்டு முடித்து உப்பு டப்பாவை எடுத்து மூடி வைத்தாள். பிறகு, "ஒரு வருஷமாவா பாக்கல?" என்றாள்.

"ஒரு தடவகூட."

"ஏன் பாக்கல? இவளுக்கு என்ன கொறச்சல்?"

சைக்கிள் எனக்குத் திரும்பக் கிடைத்தது. ஒர்க்‌ஷாப், பரீட்சை, டிப்ளமோ என்று எல்லாம் வரிசையாகத் தப்பின. சித்தி சொன்ன இடம் அடுத்த முகூர்த்தத்தில் வேறு எங்கோ முடிந்தது. நான் சந்தோஷப்பட வேண்டும் என்று எனக்குத் தெரிந்தது, பட்டேன். ஆனாலும் அன்று மாலை முழுக்க, ஏதோ ஒன்றை வைத்த இடத்தில் காணாதவள் போல வீட்டுக்குள் நடந்துகொண்டிருந்தேன். ஒரு வாரமாக எனக்குச் சுமையாக இருந்தது என்று நினைத்தேனே, அது இறங்கிய பிறகும் ஏன் லேசாக இல்லை என்று புரியவில்லை.

அப்பா அன்றே ஒரு வட்டக் கண்ணாடி வாங்கி வந்து என் ஹேண்டிலில் மாட்டினார். "உனக்கும் ஒண்ணு இருக்கட்டும். பின்னாடி யாரு வரான்னு தெரியணும்ல." கடையிலிருந்து வந்தபடியே இருந்த என் சைக்கிளில் சேர்ந்த முதல் பொருள் அதுதான்.

திங்கட்கிழமை கலெக்டர் ஆபீஸ் அருகில் அவர் சாலை ஓரத்தில் நின்று, காற்றில்லாத டயரைப் பார்ப்பதுபோல் குனிந்திருந்தார். டயரில் காற்று இருந்தது. என்னை முன்னால் போகவிட நிற்கிறார் என்று தாண்டிய பிறகுதான் தெரிந்தது. இனி முன்னால் போய்க் கண்ணாடியில் பார்த்தான் என்று யாரும் சொல்லக் கூடாது என்று யோசித்திருப்பார். அதன்படி அன்று முதல் அவர் எனக்குப் பின்னால் வந்தார். பின்னால் வருவதைத்தான் ஊர் தப்பாக நினைக்கும், அதிலேயே மரியாதையாக வந்து நின்றிருந்தார்.

நான் மிதித்தேன். பின்னால் மணிகள் கலகலவென்று விழுந்து, சத்தம் அடங்கி, மறுபடி விழுந்தன. அப்பா மாட்டிய கண்ணாடியில் சாலை, ஒரு வைக்கோல் வண்டி, அப்புறம் இரண்டு கண்கள். அவை வலப்பக்கம் தாழ்ந்து, அவருடைய கண்ணாடியில் பின்சக்கரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தன. பிறகு நிமிர்ந்து நேராகப் பார்த்தன. எனக்கு அவர் கண் தெரிந்தது. தெரிந்தால் என்ன பொருள் என்பதைத் தட்டும் டம்ளரும் வைத்து நிரூபித்தவள் நான்தான்.

டவுன் வருவதற்குள் ஒரு கையால் கண்ணாடியைக் கீழே திருப்பினேன். என் பின்சக்கரம் தெரிந்தது. வெறும் கம்பிகள். மணி எதுவும் இல்லை, வளையல் எதுவும் நிற்கவில்லை. அவர் திரும்ப வேண்டிய இடம் வந்து மணிச் சத்தம் விலகிப் போகும்வரை அதையே பார்த்துக்கொண்டு போனேன்.