புளி வாசலில் ஒரு கொலைக் கதை

கதை படிக்கும்போது யாராவது குறுக்கே பேசினால் எனக்கு இன்றைக்கும் பற்றிக்கொண்டு வரும். அதற்கு முழுப் பொறுப்பு அப்பாவின் தங்கை, என் அத்தைதான்.

அப்போது நான் ஐந்தாம் வகுப்பு முடித்திருந்தேன். கோடை விடுமுறை. கடத்தூரில் எங்கள் வீட்டு வாசலில் புளி வேலை நடந்துகொண்டிருந்தது. ஓடு நீக்கிய புளியைக் கல்லில் வைத்துச் சின்னச் சுத்தியால் தட்டிக் கொட்டையை எடுக்க வேண்டும். அம்மாவும் பக்கத்து வீட்டு அக்காவும் தட்டுவார்கள். கம்பைநல்லூரில் வாழ்க்கைப்பட்டிருந்த அத்தையும் அந்த வாரம் கூட உட்கார்ந்தாள். மாமாவோடு ஏதோ மனத்தாங்கல், நாலு நாள் இருந்துவிட்டுப் போகட்டும் என்று வீட்டில் பேசிக்கொண்டார்கள். அத்தனை வெயிலிலும் முந்தானையால் தோளைப் போர்த்திக்கொண்டுதான் தட்டுவாள்.

வரும்போது பஸ் ஸ்டாண்டு கடையில் ஒரு மாத நாவல் வாங்கி வந்திருந்தாள். அட்டையில் ரத்தம் சொட்டும் கத்தி. துப்பறியும் கதை என்றால் அவளுக்கு உயிர். ஆனால் கையெல்லாம் புளிப் பிசுக்கு, புத்தகத்தைத் தொட முடியாது. அதனால் படிக்கிற வேலை என் தலையில் விழுந்தது.

பெரிய பங்களா. மனைவியைக் காணவில்லை. கணவன் போலீஸ் ஸ்டேஷனில் கதறி அழுகிறான். இன்ஸ்பெக்டர் டிரைவரைச் சந்தேகப்படுகிறார், சமையல்காரரைச் சந்தேகப்படுகிறார், பால்காரரைக்கூட விடவில்லை. எனக்கானால் யார் என்று தெரியாமல் சோறு இறங்கவில்லை. அத்தை படிக்க விட்டால்தானே! ஒரு பக்கம் முடிவதற்குள் சுத்தி நின்றுவிடும்.

"அந்தப் புருசன்காரனக் கேளுங்கய்யா! டிரைவர எதுக்குப் புடிச்சி இழுக்கறீங்க?" திட்டு இன்ஸ்பெக்டருக்கு, முறைப்பு எனக்கு.

"அவருதான் அப்பிடி அழறாரே அத்த!"

"நாலு பேரு பாக்கறப்ப அழறான். ஆளில்லாதப்ப அழுதான்னு எங்கனா எழுதியிருக்குதா? திருப்பிப் பாரு."

திருப்பிப் பார்த்தேன். எங்கும் இல்லை. எரிச்சல் இன்னும் கூடியது.

"இந்த வெயில்ல அந்தக் காணாமப் போன பொண்ணு எதுக்கு முழுக்கை ஜாக்கெட் போட்டிருந்துச்சி? அதக் கேக்க ஒரு ஆளில்ல. என்னாத்த எழுதறாங்களோ!"

"கதையக் கதையா கேளும்மா" என்று அம்மா சிரிப்பாள். நான் பல்லைக் கடித்துக்கொண்டு விட்ட வரியைத் தேடுவேன்.

இரண்டு அத்தியாயம் மிச்சம் இருக்கும்போது மாமா வந்துவிட்டார். ஜிலேபிப் பொட்டலத்தோடு வந்து, தெருப் பெரியவர்கள் நாலு பேர் முன்னால் துண்டால் முகத்தைப் பொத்திக்கொண்டு விம்மினார். "வூடே இருண்டு கெடக்குதுங்க மச்சான்" என்றார். அப்பாவுக்கு மனசு இளகிவிட்டது. அம்மாவும், "இவ்ளோ அழறாரே, போயிட்டு வாம்மா" என்றாள். அத்தை யாரையும் பார்க்காமல் பையை எடுத்தாள்.

"ரெண்டே அத்தியாயம் அத்த!" என்று வண்டி வரைக்கும் ஓடினேன்.

"நீ படிச்சி அம்மாவுக்குச் சொல்லு கண்ணு" என்றாள்.

கொலைகாரன் யார் என்று தெரியாமல் ஒருத்தியால் எப்படிக் கிளம்ப முடிகிறது? எனக்கு ஆத்திரம் ஆத்திரமாக வந்தது. அந்த ஜிலேபியைக்கூட நான் தொடவில்லை.

மறுநாள் குறுக்கே பேச ஆளில்லாமல் நிம்மதியாகப் படித்தேன். முடிவுக்கு வந்ததும் துள்ளி எழுந்தேன். "அத்த சொன்னதுதாம்மா! அழுதானே, அந்தப் புருசனேதான்! அடிச்ச தடம் தெரியக் கூடாதுன்னுதான் அந்தப் பொண்ணு முழுக்கை போட்டிருக்குது!"

யாரும் ஆச்சரியப்படவில்லை. அக்கா அம்மாவைப் பார்த்தாள். அம்மாவின் சுத்தி ஓங்கியபடியே நின்றது.

"இன்னொருக்கா படி" என்றாள் அம்மா.

நல்ல ஏற்ற இறக்கத்தோடு படித்தேன். பாதியிலேயே அம்மா எழுந்து போய், புளிக் கையோடு போனை எடுத்து அப்பாவைக் கூப்பிட்டாள். "கடையில சொல்லிட்டு வாங்க. இப்பவே கம்பைநல்லூர் போவணும். உங்க தங்கச்சியக் கூட்டியாரணும்."

பிணத்தை எங்கே புதைத்தான் என்று இன்னும் ஒன்றரைப் பக்கம் இருந்தது. கேட்க ஒரு ஆள் இல்லை. என்ன ஜனங்களோ என்று நொந்துகொண்டேன்.

சாயங்காலம் அப்பாவும் அம்மாவும் அத்தையை அழைத்து வந்தார்கள். நான் புத்தகமும் கையுமாக வாசலிலேயே நின்றேன்.

"அத்த, யாருன்னு கேளேன்!"

அவள் கேட்கவில்லை. என் தலையைத் தடவிவிட்டு உள்ளே போனாள். அம்மா அவளைக் கட்டிக்கொண்டு, "சொல்லியிருக்கலாமில்ல, வாயத் தொறந்து சொல்லியிருக்கலாமில்ல" என்று அழுதாள். அத்தைதான் வாய் ஓயாமல் சொல்லிக்கொண்டே இருந்தாளே, இன்னும் என்ன சொல்ல வேண்டும் என்று எனக்கு விளங்கவில்லை.

அதற்குப் பிறகு அத்தை கம்பைநல்லூர்ப் பக்கம் போகவேயில்லை. ஒரு வரி படிக்க விடாமல் என் உயிரை வாங்கியவள், முடிவைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கவுமில்லை. அவள் உயிரோடு வந்து சேர்ந்தது பெரிதாகத் தெரியவில்லை; அன்றைக்கு எனக்கு அதுதான் பெரிய குறையாக இருந்தது.