படத்தில் தெரியாத சீழ்

எண்பதுகளின் தொடக்கத்தில் திருவண்ணாமலையில் ஒரு சிறிய தனியார் மருத்துவமனையில் குழந்தை டாக்டராகச் சேர்ந்தேன். சேர்ந்த வாரமே செல்வி வந்தாள். ஆறு வயது, செங்கம் பக்கத்துக் கிராமம். கடும் காய்ச்சல். வலது காலை ஊன்ற மாட்டேன் என்றாள். முழங்காலுக்குக் கீழே எலும்பின் மேல் விரல் வைத்ததும் அலறினாள்.

எலும்புக்குள் சீழ் என்று சந்தேகப்பட்டேன். எக்ஸ்ரேயில் ஒன்றுமில்லை. இந்த நோயில் எலும்பு அரிக்கப்பட்ட பிறகுதான் படத்தில் தெரியும். அதற்குப் பத்து, பதினைந்து நாள் பிடிக்கும். ஊசியால் உறிஞ்சிப் பார்த்துவிட்டு மருந்தை உடனே தொடங்கலாம் என்றேன்.

தலைமை சர்ஜன் ஃபிலிமை வெளிச்சத்தில் பிடித்தார்.

"நார்மல்மா. எங்கியோ விழுந்திருக்கும். கட்டு போட்டு அனுப்பு."

"தொட்டாலே கத்துறா சார்."

"கொழந்தைன்னா கத்தும். படத்துல இல்லாத வியாதிய எப்படி நம்பறது?"

செல்வியின் அம்மா என்னிடம் கேட்டார். "நீங்க சொல்லுங்கம்மா, கூட்டிட்டுப் போலாமா?"

"வேணாங்க, இங்கயே இருங்க" என்றேன், சர்ஜன் முன்னாலேயே. ஆனால் செல்வியின் அப்பா பெரிய டாக்டரைத்தான் நம்பினார்; கட்டோடு ஊருக்குக் கூட்டிப் போய்விட்டார்.

இரண்டு வாரம் கழித்துச் செல்வி திரும்பி வந்தபோது கால் வீங்கி, தோலை உடைத்துச் சீழ் வடிந்துகொண்டிருந்தது. இம்முறை படத்தில் எலும்பு அரித்துக் கிடந்தது. சர்ஜன் நர்ஸ்களையெல்லாம் கூப்பிட்டுக் காட்டினார். "பாருங்க, எவ்ளோ கிளியரா தெரியுது!"

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. "இப்ப தெரிஞ்சு என்ன சார்? செத்த எலும்பத்தான எடுக்கப் போறீங்க?"

எடுத்தார்கள். அந்தக் கால் வளரவில்லை. செல்வி விந்தி விந்தி நடந்தாள்.

சில வருடம் கழித்து, எக்ஸ்ரேயில் தெரியாததையும் முன்கூட்டியே காட்டும் எலும்பு ஸ்கேனை மெட்ராஸில் எடுக்கலாம் என்று ஆனது. வேங்கிக்காலிலிருந்து ஒரு பையன் அதே வலியோடு வந்தான். அதே சர்ஜன் சொன்னார்: "மெட்ராஸ் போய் ஸ்கேன் எடுத்துட்டு வரட்டும். மருந்த அப்புறம் பாக்கலாம்."

"அதுவரைக்கும் சீழ் சும்மா இருக்குமா சார்?"

பதிலுக்கு நான் காத்திருக்கவில்லை. பெற்றோரிடம் சொல்லிவிட்டு, காலை மருந்தால் மரக்கச் செய்த பிறகு, தடித்த ஊசியை எலும்பு வரை இறக்கினேன். சிரிஞ்சில் சீழ் மஞ்சளாக ஏறியது. கொண்டுபோய் அவர் மேஜையில் வைத்தேன்.

"இதுக்கும் படம் வேணுமா சார்?"

அவர் என் முகத்தைப் பார்க்கவில்லை. "ஆபரேஷன் தியேட்டர ரெடி பண்ணச் சொல்லு" என்றார்.

பையன் பிறகு பள்ளிக்கூடத்துக்கு ஓடினான்.

இன்று இளம் டாக்டர்களான உங்களுக்கு அல்ட்ராசவுண்ட், எம்.ஆர்.ஐ. எல்லாம் இருக்கின்றன. எடுங்கள், வேண்டாம் என்று சொல்லவில்லை. ஆனால் எந்தப் படம் எடுக்கலாம் என்று யோசிக்கும்போதே, அந்தப் படம் கைக்கு வரும்வரை குழந்தையின் எலும்புக்கு என்ன ஆகும் என்றும் கேட்டுக்கொள்ளுங்கள். நார்மல் என்று ஒரு ஃபிலிம் சொன்னால், கதறுகிற குழந்தை பொய் சொல்வதாக ஆகிவிடாது.