கறையோடு திருப்பிக் கொடுத்த மலோங்

மூன்று வருடங்களுக்கு முன், ஒரு ஞாயிற்றுக்கிழமைக் காலை. ஒஸ்லோ நகரில் நடக்கும் தமிழ்த் திருப்பலிக்காக ஹொல்ம்லியாவில் ரயில் ஏறினேன். எனக்கு அப்போது நான்காம் மாதம். பாடகர் குழுவில் இருக்கும் என் கணவர் முன்னதாகவே போய்விட்டார்.

ரயில் புறப்பட்டதும் அடிவயிற்றைப் பிடித்து இழுத்தது. குனிந்து பார்த்தேன். என் வெளிர்நீலச் சுடிதாரும் இருக்கையும் இரத்தமாகிக் கிடந்தன. எதிரே இருந்தவர் சட்டென்று ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். பயத்தை விட வெட்கம்தான் என்னைக் கொன்றது. யாரையும் கூப்பிட வாய் வரவில்லை.

பின் இருக்கையிலிருந்து ஒரு பெண் வந்தார். ஐம்பது வயதிருக்கும். தன் பையிலிருந்து மடித்த துணி ஒன்றை எடுத்தார். நம் ஆண்கள் உடுக்கும் சாரம் போல மூட்டியது, ஆனால் இன்னும் பெரியது. மஞ்சள் பட்டு, குறுக்கே கையால் நெய்த நுணுக்கமான சிவப்புப் பட்டிகள். அதை என் தலைவழியாகப் போட்டு, "எழும்பு, நான் பிடிக்கிறன்" என்று நோர்வேஜிய மொழியில் சொல்லி, கீழே இழுத்து இடுப்பில் மடித்துச் செருகினார். அடுத்த நிலையத்தில் என்னோடு இறங்கினார். ஆம்புலன்ஸ் வரும்வரை என் கையை விடவில்லை. தன் தொலைபேசி எண்ணை எழுதி என் கோட்டுப் பையில் வைத்தார்.

பிள்ளை தங்கவில்லை.

துணியைக் குளிர்ந்த தண்ணீரில் நாலு தரம் அலசியும் ஒரு பக்கம் பழுப்புக் கறை நின்றுவிட்டது. "இதை எப்பிடித் திருப்பிக் குடுக்கிறது? புதுசு ஒண்டு வாங்கிக் குடுப்பம்" என்றார் கணவர். தேடினோம், அப்படியொன்று இங்கே எந்தக் கடையிலும் இல்லை. ஒரு மாதம் தள்ளிப்போட்டுவிட்டுத்தான் அந்தப் பெண்ணைத் தொலைபேசியில் கூப்பிட்டு, அவருடைய வீட்டுக்குப் போனேன்.

அவர் பிலிப்பைன்ஸில் ஓர் ஏரிக்கரையில் வாழும் மரனாவ் மக்களைச் சேர்ந்தவர். துணியின் பெயர் மலோங். அவருடைய அம்மா தறியில் நெய்தது. அன்று ஒரு கல்யாண வீட்டில் உடுக்கத்தான் கொண்டுபோயிருக்கிறார். கேட்கக் கேட்க எனக்குக் கூசியது. கறையைக் காட்டி மன்னிப்புக் கேட்டேன்.

அவர் அதை விரலால் தடவிப் பார்த்தார். "எங்கடை பிள்ளையளை இதுக்குள்ளை போட்டுத்தான் தாலாட்டுவம். செத்தவையையும் இதாலைதான் மூடுவம். உன்ரை பிள்ளைக்கு ரெண்டும் ஒண்டாக் கிடைச்சிருக்கு" என்றார்.

ஆஸ்பத்திரியிலும் வீட்டிலும் எல்லோரும் அடுத்த முறையைப் பற்றித்தான் கதைத்தார்கள். அதுவரை யாரும் 'உன்ரை பிள்ளை' என்று சொன்னதில்லை. நான் அழுதேன். அழுது முடிந்ததும் அவர் எழுந்து அந்த மலோங்கை உடுத்தார். கறையை மடிப்புக்குள் மறைக்கவில்லை. அப்படியே எனக்குத் தேநீர் ஊற்றப் போனார்.

பெயர் வைக்காத, புதைத்த இடமும் இல்லாத அந்தப் பிள்ளையை, பிள்ளையென்றே நினைக்க இந்த ஊரில் என்னைத் தவிர இன்னொருவரும் இருக்கிறார் என்பது எனக்கு இன்றும் பெரிய ஆறுதல்.