ஒரு படி தவிட்டுக்குப் போன பெயர்

பட்டணத்தில் குண்டு விழப்போகிறது என்று ஜனங்கள் மூட்டை முடிச்சோடு எங்கள் பக்கம் ஓடிவந்தார்களே, அதற்கு அடுத்த வருஷம். அரிசிக்குக் கார்டு வந்துவிட்டிருந்தது. ஐப்பசி மழையில் கூவம் புரண்டு, பூந்தமல்லி ரஸ்தாவில் இடுப்பளவு தண்ணீர் நின்ற அந்த வாரத்தில்தான் மனு எழுதும் ரைட்டர் சிங்காரம் செத்துப்போனார்.

சேதி மேனாம்பேட்டுக்கு வந்து சேர ஒரு நாள் ஆகிவிட்டது. பூந்தமல்லியிலிருந்து பால்காரர் ஒருவர் தண்ணீரில் நடந்தே வந்து, என் மாட்டுக் கொட்டகை வாசலில் நின்று சொன்னார். "ரைட்டரு பூட்டாருபா. நேத்து காலைல. மார்ச்சளி." நான் வண்டியைப் பூட்டினேன். குமணன்சாவடி தாண்டியதும் சக்கரம் சேற்றில் இறங்கிவிட்டது. மாட்டை அவிழ்த்துக் கட்டிவிட்டு நடந்தேன். போய்ச் சேர்ந்தபோது எடுத்துவிட்டிருந்தார்கள். முகம் பார்க்கவில்லை. அந்த மழை மேல் எனக்கு இன்னும் கோபம் இருக்கிறது. கோபத்தின் வரிசையில் மழைக்குக் கடைசி இடம்தான். அதற்கு முன்னால் பல பேர் நிற்கிறார்கள்.

இதைச் சொல்வது நான். எனக்கு எழுத்து தெரியாது. எழுதுவது ரைட்டரின் மகள் லோகு. என் பேச்சை எழுத்துத் தமிழாக மாற்றி எழுதுகிறாள். கோபத்தை மட்டும் மாற்றாதே என்று சொல்லியிருக்கிறேன். பதினாறாம் நாள் காரியத்தில், அவரைத் தெரிந்த உங்கள் எல்லோர் முன்னாலும் அவளே இதை வாசிப்பாள்.

ரைட்டர் என்னைவிட இருபது வயது சின்னவர். முதல்முதலில் அவரிடம் போனது ஒரு வாய்க்கால் தகராறுக்கு மனு எழுத. எழுதி முடித்து ஒருதரம் வாசித்துக் காட்டினார். சரியா என்று கேட்டார். நான் அந்த மனுவை முதல் வரியிலிருந்து கடைசி வரி வரைக்கும் அப்படியே திருப்பிச் சொன்னேன். நடுவில் ஓர் இடத்தில் நிறுத்தி, "இங்க வடக்குனு எழுதிட்டே ரைட்டரே, வாய்க்கா கெழக்குல கீது" என்றேன். மூக்குக் கண்ணாடியைக் கழற்றிவிட்டு என்னைப் பார்த்தார். "அண்ணாத்தே, உன் தலையில கார்பன் பேப்பரு வச்சிகினு கீறியா?" என்றார். அன்றிலிருந்து திங்கட்கிழமைதோறும் அவரை என் வண்டியில் ஏற்றிக்கொண்டு போவேன். இருபது வருஷம் போனேன்.

திங்கட்கிழமை அவருக்குத் தொழில் கிடையாது. பழைய ரிஜிஸ்தர்கள் இருக்கும் ஆபீஸுக்குப் போவார். ஊரெல்லாம் அவர் எழுதிய மனுவால் பட்டா வாங்கியது, வழி வாங்கியது. அவருக்கு மட்டும் ஒரு குறை. ஆவடிப் பக்கம் மேட்டில் அவர் வீடும் கிணறும் ஒரு துண்டு வயலும் இருந்தன. அவர் தாத்தா முத்து உழுத வயல். தீர்வை ரசீதில் மட்டும் பெயர் வேறு. கோவிந்தன் என்று யாரோ. அந்தக் கோவிந்தனிடமிருந்து தாத்தா எப்போதோ கிரயம் வாங்கியிருக்க வேண்டும், அந்தப் பத்திரம் எங்கேயோ பதிவில் இருக்க வேண்டும் என்பது அவர் கணக்கு. அதைத்தான் தேடினார். அப்போது இதெல்லாம் எனக்குத் தெரியாது. நான் ஒருநாள் "இன்னா ரைட்டரே அப்படித் தேடறே?" என்று கேட்டேன். "ஒரு பழைய பத்திரம். உனக்குச் சொன்னா புரியாது, மாட்ட ஓட்டு" என்றார். நானும் ஓட்டினேன். அந்தப் பதிலுக்காக அவர்மேல் எனக்கு இன்றைக்கும் கோபம். செத்தவரைப் பற்றி நல்லதைத்தான் சொல்ல வேண்டும் என்பார்கள். நல்லது நிறைய இருக்கிறது. இதுவும் இருக்கிறது.

பத்திரம் மட்டுமில்லை, முத்து என்ற ஆளே எந்த ரிஜிஸ்தரிலும் இல்லை. பஞ்சத்துக்கு முன்னால் எழுதிய கணக்கிலும் இல்லை, பின்னால் எழுதியதிலும் இல்லை. முத்துவின் தகப்பன் வேங்கடன் இருக்கிறான். அவனுக்குப் பிள்ளையே கிடையாது என்று இருக்கிறது. அந்த ஆபீஸ் குமாஸ்தா ஒருத்தன், பல்குச்சியைக் கடித்துக்கொண்டே, "இன்னா ரைட்டரே, உங்க தாத்தா பொறக்காமலே உங்க நைனாவப் பெத்தாரா?" என்று கேட்டான். சுற்றி இருந்தவர்கள் சிரித்தார்கள். வெளியே வந்து வண்டியில் ஏறின ரைட்டர் மூக்குக் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டார். அப்புறம் சொன்னார்: "காயிதத்துல கீறவன்தான் கீறான், அண்ணாத்தே. மத்தவன்லாம் சும்மா நடமாடினவன்." அவர் அடிக்கடி சொன்ன வார்த்தை அது. அதை அவர் நம்பினார். குமாஸ்தா சிரித்ததைவிட அவர் நம்பியதுதான் எனக்கு வயிற்றெரிச்சல்.

இந்த வருஷம் சித்திரையில் சர்க்கார், யுத்த வேலைக்கு வேண்டும் என்று அந்த மேட்டு நிலத்தையெல்லாம் கேட்டது. நிலம் யார் பெயரில் இருக்கிறதோ அவர் வாரிசுக்கு மாற்று நிலம் உண்டு, மற்றவர்கள் எழுந்து போக வேண்டியதுதான் என்றார்கள். சாவடியில் ஓர் ஆள் நாற்காலி மேல் ஏறி நின்று பட்டியலை வாசித்தான். நான் மாட்டுக்குத் தண்ணீர் காட்டிக்கொண்டிருந்தேன். "மேனாம்பேடு எல்லப்பன் குமாரன் கோவிந்தன்" என்று காதில் விழுந்தது. கையிலிருந்த வாளி நழுவிவிட்டது.

எல்லப்பன் என் தாத்தா. அவர் பெற்ற ஆண்பிள்ளை என் அப்பா ஒருத்தர்தான். கோவிந்தன், வாங்கின பிள்ளை.

வேங்கடனுக்கு வரிசையாக மூன்று குழந்தைகள் பிறந்து பிறந்து செத்தன. நாலாவது பிறந்ததும் அதை முறத்தில் போட்டு எங்கள் வீட்டு வாசலுக்குக் கொண்டுவந்தார்கள். என் தாத்தா ஒரு படி தவிடு கொடுத்து அந்தப் பிள்ளையை வாங்கினார். கோவிந்தன் என்று பெயர் வைத்தார். "எங்க புள்ளைய நீ வளத்துக் குடு" என்று பெற்றவளிடமே திருப்பிக் கொடுத்தார். வேங்கடன் பிள்ளையைத் தேடி வருகிற சாவு, இது எல்லப்பன் பிள்ளை என்று ஏமாந்து போய்விடும். நம் பக்கத்தில் எத்தனையோ வீட்டில் செய்ததுதான். ஆனால் அதற்கு ஒரு கட்டு உண்டு. வாங்கின வீட்டார் 'இது எங்கள் பிள்ளை இல்லை' என்று வாயால் சொல்லவே கூடாது. சொன்னால் சாவுக்குக் கேட்டுவிடும். பையன் பிழைத்தான். வளர்ந்து கல்யாணமும் ஆன பிறகு பெற்றவள் அவள் மனதில் வைத்திருந்த பெயரால், முத்து என்று கூப்பிட்டாள். ஊரும் அப்படியே கூப்பிட்டது. அதற்குள் காகிதக்காரர்கள் வந்து போய்விட்டிருந்தார்கள். வேங்கடன் செத்து நிலம் பையன் கைக்கு வந்திருந்த அந்தச் சமயத்தில், நிலம் அளக்க வந்தவர்கள் "இந்தப் பையன் யாரு மகன்?" என்று கேட்டிருக்கிறார்கள். பெற்றவளே பக்கத்தில் நின்றுகொண்டு, "எல்லப்பன் மகன், கோவிந்தன்" என்று சொன்னாள். பிள்ளை உயிருக்காகச் சொன்ன பொய். அளக்க வந்தவர்கள் அதை நல்ல மையில் எழுதிக்கொண்டு போனார்கள்.

அன்றைக்கு வண்டியில் நான் ரைட்டரிடம் எல்லாவற்றையும் சொன்னேன். என் அப்பா என்னிடம் வாங்கியிருந்த சத்தியத்தை மீறித்தான் சொன்னேன். அவர் வண்டியை நிறுத்தச் சொன்னார். இறங்கி ரஸ்தா ஓரத்தில் நின்றார்.

"ரெண்டும் ஒரே ஆளா?" என்றார்.

"ஒரே ஆளு."

"ஒரே ஆளு, அவனுக்கு அவனே கெரயம் எழுதிக் குடுத்த பத்திரத்தையா நான் இருவது வருஷமா தேடிகினு கீறேன்?"

"நான் இன்னா கண்டேன்?"

"என் முன்னாடியே குந்திகினு மாடு ஓட்டினியே. ஒரு வார்த்த சொல்லக் கூடாதா?"

"நீ கோவிந்தன் பேர ஒரு வார்த்த கேக்கக் கூடாதா? படிக்காதவங்கிட்ட இன்னா கேக்கறதுன்னு நெனச்சே. நல்லா வேணும் உனக்கு."

இரண்டு பேரும் கத்திக்கொண்டோம். பிறகு அவர் ஏறி உட்கார்ந்தார். கொஞ்ச நேரம் கழித்துச் சிரிக்கிற சத்தம் கேட்டது. "அப்போ நீ எனக்குச் சித்தப்பன் மொறையா ஆவுது, காயிதப்படி" என்றார். "வண்டிய நேரா ஓட்டு சித்தப்பா."

நிலம் எடுக்கிற ஆபீஸுக்கு இரண்டு பேரும் போனோம். அங்கே உட்கார்ந்திருந்த அதிகாரி பொறுமையாகக் கேட்டார். கேட்டுவிட்டு என்னைப் பார்த்து, "அப்படியானால் எல்லப்பனுக்கு உயிரோடு இருக்கும் பேரன் நீர்தான். கோவிந்தன் வாரிசு இல்லாமல் போனவர். மாற்று நிலம் உமக்குத்தான் சேரும். இங்கே விரலை வையும்" என்றார். மைப்பெட்டியை என் பக்கமாகத் தள்ளினார். பக்கத்தில் ரைட்டர் நின்றார். அவர் பிறந்த வீடு, அவர் அப்பா வெட்டின கிணறு. நான் மைப்பெட்டியைத் திருப்பித் தள்ளினேன். "ஐயா, அது எங்க புள்ள இல்ல, இவரு தாத்தா" என்றேன். சாவுக்குக் கேட்கட்டும் என்று உரக்கவே சொன்னேன். அதிகாரியின் குமாஸ்தா, "வலிய வர்ற நெலத்த வேணாங்கிற மொத ஆளு நீதான்யா" என்றான். அதிகாரி, வாய்ப்பேச்சு போதாது, தவிட்டுக்கு வாங்கின வீட்டைச் சேர்ந்த பெரியவர்கள் இரண்டு பேர் தைக்குள் வந்து கைநாட்டு வைத்தால் பெயரை மாற்றுகிறேன், இல்லாவிட்டால் யாருக்கும் இல்லாமல் நிலம் சர்க்காரோடு போய்விடும் என்றார். காகிதத்தில் ஏறின பொய்க்கு ஒரு சாட்சியும் கேட்டதில்லை. உண்மைக்கு இரண்டு பேர் வேண்டும்.

இரண்டில் ஒருத்தன் நான். இன்னொருத்தி ஐயப்பன்தாங்கலில் கட்டிக்கொடுத்த என் அத்தை, அப்பாவின் கடைசித் தங்கை. கோவிந்தனை அண்ணா என்று கூப்பிட்டு வளர்ந்தவள். தொண்ணூறு தாண்டியும் கண் தெரிகிறது, காது கேட்கிறது. நானும் ரைட்டரும் போய்க் கேட்டோம். வெற்றிலை இடித்துக்கொண்டிருந்தாள்.

"எங்க அண்ணன எங்க அண்ணன் இல்லன்னு எம் வாயால சொல்லச் சொல்றியா?" என்றாள்.

"அவரு செத்தே முப்பது வருஷம் ஆவுது அத்தே. இனிமே யாரு வந்து தூக்கிகினு போவப் போறாங்க?"

"அவன் பூட்டா இன்னா? அவன் வயித்து வம்சம் இதோ நிக்குது பாரு. சாவ ஏமாத்தினத்துக்கு வட்டியும் மொதலுமா அது வந்து கேக்கும்." ரைட்டரைக் கிட்டே கூப்பிட்டு முகத்தைத் தடவினாள். "உன் நல்லதுக்குத்தான் நைனா சொல்றேன். நெலம் பூட்டா பூட்டும்."

ஆடியில் நிலம் போயிற்று. கிணற்றைத் தூர்த்து, மேலே தகரக் கொட்டகை போட்டார்கள். ரைட்டர் பூந்தமல்லியில் ஓர் ஒட்டு அறைக்குக் குடிபோனார். அங்கே உட்கார்ந்து தனக்காக ஒரு மனு எழுதினார். ஊருக்கெல்லாம் எழுதின மனிதர், வாழ்க்கையில் தனக்கென்று எழுதிய ஒரே மனு. எழுதி முடித்து எனக்கு வாசித்துக் காட்டினார். "தப்பு இருந்தா சொல்லு அண்ணாத்தே. இந்தத் தபா நீ சொல்றத எழுதிக்கிறேன்" என்றார். அந்த ஒரு வார்த்தைக்காக அவரை மன்னித்துவிட்டேன். மற்றவர்களை மன்னிக்கவில்லை.

அவரை எடுத்த மறுநாள் அத்தையிடம் போனேன். சேதி அவளுக்கு முன்னமே தெரிந்திருந்தது. "சொன்னேனா இல்லியா?" என்று கேட்டாள். "ஆபீசுல போயி உரக்கச் சொன்னியாமே. கேட்டுடுச்சு பாரு." அவர் செத்தது ஒட்டு அறையில் ஒழுகின மழையில் மார்ச்சளி பிடித்து. சொந்த வீடு இருந்திருந்தால் ஒழுகியிருக்காது. இதை நான் பகலில் பத்துத் தரம் எனக்கே சொல்லிக்கொள்கிறேன். இருந்தாலும் அந்தக் கிழவி சொன்னது முள் மாதிரி உள்ளே நிற்கிறது. அதற்காகவும் அவள்மேல் கோபம்.

ரைட்டரிடமிருந்து நான் வைத்துக்கொண்டது ஒன்றே ஒன்று, அந்த மனு. காகிதம் லோகுவின் பெட்டியில் இருக்கிறது. எனக்குக் காகிதம் வேண்டாம். 'முத்து என்கிற கோவிந்தனின் பேரன் சிங்காரம் பணிவுடன் தெரிவித்துக்கொள்வது' என்பதில் தொடங்கி முழுவதும் என் தலையில் இருக்கிறது, ஓர் எழுத்து சிந்தவில்லை. அவர் தாத்தாவின் இரண்டு பெயரும் ஒரே வரியில் நிற்பது அது ஒன்றில்தான். அடியில் 'சாட்சிகள்' என்று எழுதி இரண்டு வரி இடம் விட்டிருக்கிறார். முதல் வரியில் என் கட்டைவிரல் இருக்கிறது. இரண்டாவது வரி வெறுமனே கிடக்கிறது. தைக்கு இன்னும் இரண்டு மாதம் இருக்கிறது. லோகுவுக்கும் அவள் தாயாருக்கும் நிற்க ஓர் இடம் அந்த ஒரு வரியில்தான் இருக்கிறது.

தவிடு கொடுத்த என் தாத்தா போய்விட்டார். முறத்தில் பிள்ளையைக் கொண்டுவந்த வேங்கடன் போய்விட்டான், பொய் சொன்ன தாய் போய்விட்டாள். இரண்டு பெயரோடு வாழ்ந்தவரும், என்னிடம் சத்தியம் வாங்கின என் அப்பாவும், கடைசியாகத் தேடினவரும் போய்விட்டார்கள். லோகு இதை வாசிக்கும்போது நீங்கள் எல்லோரும் கூடத்தில் இருப்பீர்கள். முன் வரிசையில், தூணோரமாக, ஒரு பாட்டி உட்கார்ந்திருப்பாள். என் வண்டியில் நானே கூட்டிவந்திருப்பேன். காது நன்றாகக் கேட்கும் அவளுக்கு. சாவுக்குக் கேட்டுவிடும் என்று என் வீட்டில் நூறு வருஷம் யாரும் சொல்லாததை இப்போது நான் இத்தனை பேர் முன்னால் சொல்லிவிட்டேன். கேட்டிருந்தால் அது என்னிடம் வரட்டும், நான் மேனாம்பேட்டில்தான் இருக்கிறேன். இனி அந்தக் கோவிந்தனை, அந்த முத்துவை, கண்ணால் பார்த்து, யார் பிள்ளை என்று தெரிந்தவர்களில், வாங்கின வீட்டில் என்னைத் தவிர உயிரோடு இருப்பது ஒரே ஒருத்தி: ஐயப்பன்தாங்கல் கனகம்மாள், எல்லப்பன் மகள்.