அந்தோணி அண்ணனின் மூன்றாவது குரல்பதிவு

காட்டிக்கொடுத்தது நான்தான். எல்லையில் சண்டை நடந்த அந்த நாட்களில் அந்தோணி அண்ணனைப் பற்றிப் போலீசுக்குத் தகவல் அனுப்பியவன் நான். என் மனைவியிடம்கூட இதைச் சொன்னதில்லை; உங்களிடம் சொல்கிறேன்.

மாரண்டஹள்ளிப் பக்கம் தக்காளி போடுகிற எங்களுக்கு ஒரு வாட்ஸ்அப் குழு உண்டு. பாதிப் பேர் வீட்டில் கன்னடமோ தெலுங்கோ பேசுகிறவர்கள். தமிழ் பேசுவார்கள், படிக்க வராது. அதனால் அங்கே யாரும் எழுதுவதில்லை. மண்டி விலை முதல் சாவுச் செய்தி வரை எல்லாம் குரல்பதிவுதான்.

அன்று காலை அண்ணன் மூன்று பதிவுகள் போட்டார். பட்டாளத்தில் இருக்கும் மகனிடமிருந்து நான்கு நாட்களாகப் போன் இல்லை என்றார் முதலாவதில். இரண்டாவதில் பேச்சே இல்லை. அழுகையை அடக்கும் சத்தம் மட்டும்... மூன்றாவதில்தான் அதைச் சொன்னார்.

“சண்டைய நிறுத்துங்கன்னு நாம கேக்கணுங்க. அந்தப் பக்கம் சாவறவனும் ஒரு வூட்டுப் புள்ளதானுங்க.”

“நெசந்தாங்கண்ணா” என்று உடனே பதில் போட்டேன். போட்ட பிறகுதான் பயம் பிடித்தது. இப்படிப் பேசியவர்களைப் பிடித்துப் போவதாகச் செய்தி வந்துகொண்டிருந்த நேரம். நாட்டுக்கு எதிராகப் பேசுகிறவர்களைத் தெரிவியுங்கள் என்று ஒரு போலீஸ் எண்ணும் சுற்றிக்கொண்டிருந்தது. குழுவில் நூறு பேர்... எவனாவது அனுப்பிவிட்டால் என் குரலும் சேர்ந்தல்லவா போகும்? என் பதிலை அழித்தேன். அழித்ததையும் வாட்ஸ்அப் காட்டுமே! அதைவிட நானே முந்திக்கொண்டால்...

மூன்றாவது பதிவை மட்டும் அந்த எண்ணுக்கு அனுப்பினேன். முதல் இரண்டையும் சேர்த்திருந்தால் கேட்பவர்களுக்கு ஒரு தகப்பன் தெரிந்திருப்பான். தெரிந்தேதான் விட்டேன். பயத்தில் செய்துவிட்டேன் என்று இத்தனை நாளும் மனதைத் தேற்றி வந்தேன். பயந்தவனுக்கு இவ்வளவு நிதானம் வருமா, சொல்லுங்கள்?

மதியமே அழைத்துப் போனார்கள். பதினொரு நாள் சிறை. மகன் பத்திரமாக இருப்பதாகப் போன் வந்தபோது அதைக் கேட்க அவர் வீட்டில் இல்லை.

பிணைக் கையெழுத்துக்கு ஆள் தேடி அவர் மனைவி என் வாசலுக்கு வந்தார். வேறு யாரும் முகம் கொடுக்கவில்லையாம். கையெழுத்துப் போட்டேன். நீதிமன்ற வாசலில், என் போன் எண்ணை அடையாளம் கண்ட காவலர் ஒருவர் என்னைத் தனியே அழைத்தார்.

“நீங்க மட்டும் அனுப்பலீங்க. அதே பதிவு இன்னும் நாலு பேர்கிட்ட இருந்து வந்துது.”

நாலு பேர்! ஊரோடு ஒத்து வாழ் என்பார்கள், ஒத்துத்தான் போயிருக்கிறேன். அதைக் கேட்டதும் ஒரு கணம் நிம்மதியாக இருந்தது எனக்கு. அந்த நிம்மதியை நினைத்தால்தான் உடம்பு கூசுகிறது.

இப்போது குழுவில் தக்காளிப் பெட்டி விலையைத் தவிர எவரும் வாய் திறப்பதில்லை. உரம் கிடைக்கவில்லை என்று சொல்லக்கூட யோசிக்கிறார்கள். எங்களை மிரட்ட ஒரு போலீஸ்காரரும் ஊருக்குள் வந்து நிற்க வேண்டியிருக்கவில்லை. நாங்களே போதுமானவர்களாக இருந்தோம்.

வழக்கு இன்னும் முடியவில்லை. வாய்தாவுக்குப் போய்வரும் நாட்களில் அண்ணன் நேரே என் வீட்டுக்குத்தான் வருகிறார். மனதில் உள்ளதையெல்லாம் தாழ்ந்த குரலில் கொட்டுகிறார். போன வாரம் புறப்படும்போது என் கையைப் பிடித்துக்கொண்டார்.

“யாரையும் நம்ப முடியலீங்க தம்பி. ஒங்ககிட்ட மட்டுந்தான் வாய் தொறக்கறன்.”

“எப்ப வேணா வாங்கண்ணா” என்றேன்.