நான் நீட்டிச் சொன்ன வாக்கியம்

மகளுக்கு அப்போது பதினான்கு வயது. பாரிஸுக்கு வந்து ஐந்து மாதமாகியும் ஒரு நாளைக்கு நாலு சொல்லுக்கு மேல் பேசமாட்டாள். பள்ளிக்கூடத்தில் அதுவும் இல்லை. அங்கிருந்த தாதிதான் எங்களை தமிழ்க் கடைகள் நிறைந்த லா சப்பலில் இருந்த ஒரு மனநல மருத்துவரிடம் அனுப்பினார்.

அவர் ஸ்பெயினின் காத்தலோனியாக்காரர். சிறுவயதில் போருக்குத் தப்பி, தாயோடு பிரெனீஸ் மலையைக் கடந்து வந்தவர். காலையில் நாவல் எழுதுவார், பிற்பகலில் நோயாளிகளைப் பார்ப்பார். ஊர்ப் பள்ளிகளில் தடுக்கப்பட்டிருந்த தன் தாய்மொழியில்தான் எழுதினார். மேசையில் அவருடைய புத்தகங்கள் இரண்டு கிடந்தன.

உணவகத்தில் கோப்பை கழுவிக்கொண்டிருந்த என் கணவருக்கு இது பிடிக்கவில்லை.

"புத்தகம் எழுதுற டொக்டரோ? நல்ல ஆளைத்தான் பிடிச்சீர். எங்கடை கதையை அச்சடிச்சு வித்துப்போடுவார், இருந்து பாரும்."

சிரித்தேன். ஆனால் அந்தப் பேச்சு மனதில் தங்கிவிட்டது.

எனக்குப் பிரெஞ்சு வராது. யாழ்ப்பாணத்தில் ஆங்கிலம் படிப்பித்தவள். மகள் தமிழில் சொல்வதை நான் ஆங்கிலத்தில் அவருக்குச் சொல்வதென்று ஏற்பாடு. வாரம் ஒருமுறை போனோம். மூன்று கிழமை அவள் வாய் திறக்கவில்லை. மேம்பாலத்தில் மெத்ரோ ரயில் போகும்போதெல்லாம் அதிரும் ஜன்னலையே பார்த்திருந்தாள். நாலாம் கிழமை, என்னைப் பாராமல் சொன்னாள்:

"அவள் கதவைத் தட்டேக்கை அம்மா என்ரை வாயைப் பொத்தினவா."

அவள் என்றது யாழ்ப்பாணத்தில் எங்கள் பக்கத்து வீட்டுப் பிள்ளையை. மகளின் வகுப்புத் தோழி. இராணுவம் எங்கள் வீட்டு ஒழுங்கைக்குள் இறங்கிய காலை ஓடிவந்து எங்கள் கதவைத் தட்டினாள். நான் திறக்கவில்லை. குரல் கொடுக்கப் பார்த்த மகளின் வாயைக் கையால் அழுத்திப் பிடித்தேன். அந்தப் பிள்ளையைக் கொண்டுபோனார்கள். திரும்பி வரவில்லை.

மருத்துவருக்கு நான் சொன்னது வேறு. "ஹெலிகொப்டர் சத்தத்துக்குப் பயந்து, தோழிகளை நினைத்து, பல நாள் நித்திரையில்லாமல் இருந்ததாகச் சொல்கிறாள்."

அந்த ஆங்கிலம் மகளுக்கு விளங்கும். நானே படிப்பித்தது.

மருத்துவர் பேனாவை வைத்தார். "என் நாவல்களை நானேதான் பிரெஞ்சுக்கு மாற்றுகிறேன், மதாம். மாற்றினால் வாக்கியம் கொஞ்சம் நீளும். இவ்வளவு நீளாது."

"இதை நீங்கள் எழுதுவீர்களா?" என்றுதான் எனக்குக் கேட்க வந்தது.

"இங்கே கேட்பதை எழுதுவதில்லை. என் நாவல்களுக்கு என் குடும்பமே போதும், போதாததற்கு மாமியார் வேறு. உங்கள் மகள் சொன்னதைச் சொல்லுங்கள்."

சொன்னேன். கதவைப் பற்றியும் என் கையைப் பற்றியும்.

அப்போதுதான் மகள் என் பக்கம் திரும்பினாள்.

"திறந்திருந்தா அவள் இப்ப இருப்பாளோ, அம்மா?"

இதற்குப் பல மாதங்களாகவே என்னிடம் ஒரு பதில் இருந்தது: திறந்திருந்தால் உன்னையும் கொண்டுபோயிருப்பார்கள். எனக்கு நானே தினமும் சொல்லிக்கொண்டது. அவள் முகத்தைப் பார்த்து அதைச் சொல்ல முடியவில்லை.

"இருந்திருப்பாள் போலைதான் கிடக்கு, பிள்ளை."

அவள் பெரிய குரலெடுத்து அழுதாள். வெளியே காத்திருந்தவர்களுக்கும் கேட்டிருக்கும். சத்தம் போடாதை என்று வாய்வரை வந்ததை அடக்கிக்கொண்டேன். மருத்துவர், என்ன பேசினோம் என்று கேட்கவில்லை.

அதன்பின் மகள் கொஞ்சம் கொஞ்சமாகப் பேசத் தொடங்கினாள். அந்தப் பிள்ளையின் தாய் இன்னும் அதே வீட்டில்தான் இருக்கிறார். அவருக்கு நான் இதுவரை ஒரு வரிகூட எழுதவில்லை.